கழுவாத காசு

ராஜராஜன் செப்புக்காசு சேர்க்கிறேன் என்று சொன்னால் பெரிய சேகரிப்பாளர்கள் கொஞ்சம் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். எந்த நாணயக் கண்காட்சிக்குப் போனாலும் அது டப்பாவில் அள்ளிப் போட்டுக் கிடக்கிறது. நின்ற உருவம், திருப்பினால் உட்கார்ந்த உருவம், இடக்கைக்குக் கீழே நாகரி எழுத்து. இதில் தேடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு எனக்குப் பதில் சொல்லிக் கொடுத்தவர், கும்பகோணத்தில் பழைய பித்தளையும் செம்பும் வாங்கி விற்ற ஒரு வியாபாரி.

அவருக்குக் காசு பக்கத் தொழில்தான். ஓட்டை அண்டா, நசுங்கிய தவலை என்று சுற்றுப்புற ஊர்களிலிருந்து எடைக்கு வரும் சரக்கோடு காசும் வந்து சேரும். உழும்போது கிடைத்தது, வாய்க்கால் தூர்வாரும்போது கிடைத்தது. மற்ற கடைகளில் அது அண்டாவோடு சேர்ந்து உருக்கப் போய்விடும். இவர் பிரித்து எடுப்பார். ஒரு ஊர்க் காசை இன்னொரு ஊர்க் காசோடு கலக்கவே மாட்டார். தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, மேலே ஊர்ப்பெயரும் வந்த மாதமும் பென்சிலால் எழுதியிருப்பார். பானையோடு யாராவது கொண்டுவந்தால் தொடமாட்டார். பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிற 1878-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு அத்துப்படி. “தாலுகா ஆபீசுல கொண்டுபோய்க் கொடு” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், அவர் கழுவமாட்டார். ஒட்டிய மண்ணோடு, பச்சைக் களிம்போடு அப்படியே கொடுப்பார். “கழுவுனா காசு செத்துரும் தம்பி” என்பார். அது முழு உண்மை. மண்ணுக்குள் கிடக்கும் செம்பின் மேல்தோல்தான் மெல்ல மெல்லக் களிம்பாக மாறுகிறது. அதனால் உருவத்தின் நுண்ணிய கோடுகளெல்லாம் அந்தக் களிம்பிலேயே தங்கிவிடுகின்றன. புளி போட்டுத் தேய்த்தால், ஆசிட்டில் முக்கினால், ராஜாவின் வேட்டி மடிப்பும், கையில் பிடித்த தாமரையும், பக்கத்தில் அடுக்கிய குண்டுகளும், மேலே இருக்கும் பிறையும் களிம்போடு போய்விடும். மிஞ்சுவது ரோஸ் நிறத்தில் வழவழவென்று ஒரு வில்லை. வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து அரிக்கிற நோய் வந்த காசுக்கு மட்டும் வைத்தியம் வேண்டும். காய்ச்சி வடித்த நீரில், நீரை மாற்றி மாற்றி, வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். மற்றபடி மண்ணை நீக்க மூங்கில் குச்சியும் பொறுமையும் போதும்.

அவருடைய திண்ணையில்தான் எனக்கு லீலாவதி கிடைத்தாள்.

ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. அவன் காசின் அமைப்பை ஈழத்தின் சிங்கள அரசர்கள் பின்னாளில் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதே நின்ற உருவம், அதே உட்கார்ந்த உருவம், எடையும் நாலு கிராமுக்கு முன்னே பின்னே. பெயர் மட்டும் மாறும். முதலாம் பராக்கிரமபாகுவின் விதவை ராணி லீலாவதி பொலன்னறுவையில் மூன்று முறை அரியணை ஏறி மூன்று முறையும் இறக்கப்பட்டவள். முதல்முறை ஏறியது 1197-இல். அவளும் இதே அச்சில் காசு அடித்தாள். “ஸ்ரீ ராஜ” வரை இருவர் காசிலும் ஒரே எழுத்துதான். அதற்குப் பிறகு இங்கே இன்னொரு “ராஜ”, அங்கே “லீலாவதி”. அச்சைவிட வில்லை சிறியதாக இருப்பதால் பாதிக் காசுகளில் கடைசி எழுத்துகள் விளிம்புக்கு வெளியே போயிருக்கும். களிம்பும் மூடிவிட்டால் ராஜராஜன் குவியலில் அவளைத் தேர்ந்த கண்ணும் தவறவிடும்.

என் வியாபாரிக்கு நாகரி படிக்க வராது. ஆனால் கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றின் பொட்டலத்தைப் பிரித்தவர், ஒரு காசை மட்டும் தனியே நகர்த்தி வைத்தார். “இதுல கீழ எழுத்து வேற மாதிரி வளையுது. பாருங்க, இது உங்க சரக்கு.” லென்ஸை வைத்துப் பார்த்தால் “லீ” தெரிகிறது. காட்ரிங்டன் 1924-இல் எழுதிய இலங்கை நாணய நூலைப் பக்கம் பக்கமாகப் புரட்டியவன் நான். அந்தக் காசைக் கண்டுபிடித்ததோ, அந்த நூலைப் பார்த்தே இராத அவர்! பொட்டலத்தில் மீதி அத்தனையும் தேய்ந்த ராஜராஜன். புதையலாகக் கிடைத்தவை அல்ல என்பதால் ஒரே காலத்தில் புதைந்தவை என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் ராஜராஜன் மறைந்து ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்து அடித்த காசு அவன் காசோடு ஒரே சந்தையில் கைமாறியிருக்க இடமுண்டு என்று யோசிக்க வைத்தது பென்சிலால் எழுதிய அந்த ஊர்ப்பெயர்தான். அது இல்லாமல் வாங்கியிருந்தால் என்னிடம் ஒரு லீலாவதி இருப்பாள், அவ்வளவே.

பொறுக்கி எடுக்க மட்டும் அவர் விடமாட்டார். “நல்லதை நீங்க எடுத்துக்கிட்டா பாக்கியை யாரு வாங்குவா?” பொட்டலத்தை முழுசாக எடுக்க வேண்டும், தேய்ந்ததும் உடைந்ததும் சேர்த்து. அதில் பேரம் பேசமாட்டேன். என் தேவையைக் குறுக்கிச் சொல்லி வைத்திருந்தேன்: சோழர் செம்பு, அதே அச்சில் வந்த ஈழக் காசு, வேறெதுவும் வேண்டாம். அதனால் என்ன வந்தாலும் முதல் பார்வை எனக்கு. எல்லாம் வேண்டும் என்று சொல்பவருக்கு எதையும் எடுத்து வைக்க எந்த வியாபாரிக்கும் மனம் வராது.

கரூர் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்களிடமிருந்து வந்த, சேர மன்னன் மாக்கோதையின் தலை பொறித்த வெள்ளிக்காசுக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம் என்பார்கள். நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்ட பாண்டியன் பெருவழுதியின் காசைக் காட்டுவார்கள். அவற்றின் பெருமையை மறுக்க நான் யார்? ஆனால் அத்தகைய காசு ஒருவருக்கு ஒன்று கிடைத்தாலே அதிர்ஷ்டம். ஒன்றை வைத்து அச்சுக்கு அச்சு ஒப்பிட முடியாது. எந்தக் கைவினைஞன் விரலை நன்றாகச் செதுக்கினான், எவன் அவசரத்தில் வெறும் கோடாக விட்டான் என்று பார்க்க முடியாது. ராஜராஜனில் முடியும். மலிவான காசு என்பதே அதன் செல்வம்.

கிரேடிங் செய்து பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்த காசுதான் வேண்டும் என்பவர்களையும் எனக்குப் புரிகிறது. 1939-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் வாங்குகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு அவசியம். போலி அவ்வளவு நடமாடுகிறது. சோழர் செம்பை எதற்கு அடைக்க வேண்டும்? கையில் எடுத்துக் கனம் பார்க்கணும். விளிம்பைச் சுழற்றி, வார்ப்புக்கோடு தெரிகிறதா, அதை அரம் போட்டு ராவியிருக்கிறார்களா, மேலே காற்றுக்குமிழிக் குழிகள் உண்டா என்று பார்க்கணும்.

இப்போது சாயங்காலம் ஆனால் வாட்ஸப்பில் ஏலம். ஒரு பக்கப் படம் மட்டும் போடுகிறார்கள். பளபளவென்று ஆசிட்டில் குளித்த காசு, அல்லது குளித்ததை மறைக்க பூட் பாலிஷ் ஏற்றிய காசு. மங்கிய எழுத்தை ஊசியால் கீறித் தெளிவாக்கியதையும் பார்த்தேன். எந்த ஊர் என்று கேட்டால் பதிலே வராது. பத்து ஊர்ச் சரக்கு ஒரே டப்பாவில் கொட்டப்பட்டிருக்கும். இன்னொரு பக்கம், வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் விலை என்று யாரோ கிளப்பிவிட, வீட்டு உண்டியலைத் தூக்கிக்கொண்டு வருகிற கூட்டம். பழைய காசு, நோட்டு மோசடிகள் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்த பிறகும் அது குறையவில்லை. இந்தக் கூச்சலுக்கு நடுவே காசைத் தெரிந்த டீலர் வாயை மூடிக்கொள்கிறார்.

எல்லோரும் அப்படி இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஓர் இளைஞர் இருபக்கப் படமும் விளிம்புப் படமும் எடையும் அனுப்புகிறார். கேட்காமலே ஊர்ப்பெயரும் எழுதுகிறார். மண்ணோடு அனுப்பச் சொன்னால் மண்ணோடு அனுப்புகிறார். போன மாதம் அவரிடம் ஒரு முழுப் பொட்டலம் எடுத்தேன், பேரம் பேசாமல். என் பட்டியலையும் கொடுத்திருக்கிறேன், இரண்டும் ஈழ அரசர்கள் காசு: கைக்குழந்தையாக முடிசூடிய தருமாசோகன், ஒன்பது மாதமே ஆண்ட சோடகங்கன். தருமாசோகன் மாதிரி ஒன்று வந்திருக்கிறது, எழுத்து பாதி விளிம்பில் போய்விட்டது என்கிறார். சோடகங்கன் இன்னும் வரவில்லை.