சும்மா பின்னுவது

"இப்போ கையில என்ன ஓடுது? என்ன வாசிக்கிற?" பின்னுகிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் வருவது இந்தக் கேள்விகள்தான். என் பதில்: கையில் ஒரு தோள்பை, பருத்தி நூலில், கொக்கி ஊசியால். சாலாக் செலாத்தான் வெயிலில் கம்பளி நூலெடுத்து ஸ்வெட்டர் பின்னி யாருக்குப் போடுவது? மடியில் மரியா மீஸ் எழுதிய 'தி லேஸ் மேக்கர்ஸ் ஆஃப் நர்சாபூர்'. 1982-இல் வெளிவந்த ஆய்வு நூல். பையும் புத்தகமும் ஒன்றையொன்று இவ்வளவு தொந்தரவு செய்யும் என்று நான் நினைக்கவில்லை.

நர்சாபூர், ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்துவ மிஷனரிகள் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். நாளடைவில் அது ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. நூலைக் கொண்டுவந்து கொடுப்பதும் பின்னியதை எடுத்துப்போவதும் தரகர்கள். வியாபாரம் ஆண்கள் கையில். பெண்கள் வீட்டு வேலை போக ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் பின்னுகிறார்கள், துண்டுக் கணக்கில் கூலி வாங்குகிறார்கள். ஆனாலும் ஊர்க்கணக்கில் அவர்கள் தொழிலாளிகள் இல்லை. ஓய்வு நேரத்தில் சும்மா பின்னும் இல்லத்தரசிகள்.

மீஸின் வாதம் இந்தச் 'சும்மா'வில்தான் பிடிக்கிறது. 'இல்லத்தரசி' என்பது ஒரு பெண்ணைப் பற்றிய வர்ணனை இல்லை, அது கூலியைக் குறைக்கும் வழி என்கிறார். வேலை என்று ஒத்துக்கொண்டால்தானே கூலியைப் பற்றிப் பேச வேண்டும்? இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. வயலுக்குப் போகாமல் வீட்டுக்குள் இருப்பது அந்தப் பெண்கள் பலருக்குக் கௌரவம். சுரண்டலும் கௌரவமும் ஒரே இழையில் ஓடுகின்றன. மேற்கத்தியப் பெண்ணிய ஆய்வுகளைக் கடுமையாக விமர்சித்த சந்திரா மோகந்தி, இந்த ஒரு நூலை நல்ல உதாரணமாகக் காட்டினார். காரணம், மீஸ் 'மூன்றாம் உலகப் பெண்' என்று பொத்தாம்பொதுவாகப் பேசவில்லை. ஓர் ஊரின் சாதி, சந்தை, வீடு எல்லாவற்றையும் உள்ளே போய்ப் பார்க்கிறார்.

இனி என் பைக்கு வருகிறேன். கொமுட்டரில் சாலாக் செலாத்தானிலிருந்து கே.எல். சென்ட்ரல் போக செப்புத்தே, மிட் வேலி தாண்டினால் போதும். அதற்குள் இரண்டு வரிசை முடியும். பை முழுக்க ஏறக்குறைய 14 மணி நேரம். 2025-இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8.72. அதன்படி கூலி மட்டும் 122 வெள்ளி 8 சென். நூல் காசு தனி. தெரிந்த ஒருவர் கேட்டது: "முப்பத்தஞ்சு வெள்ளிக்குத் தரமாட்டியா? சும்மா ட்ரெயின்ல உக்காந்துதானே பின்னுற?" நர்சாபூர் அவ்வளவு தூரத்தில் இல்லை.

பின்னுவதில் எனக்குச் சுகம் உண்டு. அதற்காக அந்த 14 மணி நேரம் இல்லாமல் போய்விடாது.

இந்தக் கண்ணோடு நம் பழைய வரிகளுக்குத் திரும்பினால் வேறொன்று தெரிகிறது. நற்றிணை 353-ஆம் பாடலில் கபிலர் மலைமேல் தவழும் மேகத்துக்கு ஓர் உவமை சொல்கிறார்: ஆண் துணையில்லாத பெண்கள் தம் முயற்சியால் செய்த நுண்ணிய பனுவல். உவமைதான், ஆனால் அதற்குள் செய்தவள் இருக்கிறாள், அவள் நிலைமை இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. பல நூற்றாண்டு கழித்து நன்னூலின் பாயிரம் அதே தொழிலை எடுக்கிறது. சொல் பஞ்சு, பனுவல் இழை, வாய் கை, அறிவு கதிர், புலவனே நூற்கும் பெண். அழகான உருவகம்தான். ஆனால் பஞ்சும் கதிரும் கையும் புலவனிடம் போன பிறகு, நூற்றவள் மட்டும் காணாமல் போகிறாள். 'நூல் என்றால் இழையும்தான், புத்தகமும்தான்' என்று மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் சிலேடைக்குள் யாருடைய கை இருந்தது என்று கேட்பதில்லை.

மலேசியத் தமிழ்ப் புனைவில், நான் வாசித்தவரை, பால்மரம் சீவும் பெண்ணின் கை நன்றாகவே பதிவாகியிருக்கிறது. அது பேர்போட்டுச் சம்பளம் வாங்கிய கை. அதே பெண் ராத்திரி விளக்கடியில் தைத்ததும் பின்னியதும் கதையில் வந்தால், பெரும்பாலும் அவள் குணத்தைக் காட்ட வருகிறது: பொறுமைசாலி, குடும்பத்துக்கு ஏற்றவள். அந்தத் துணி யாருக்குப் போனது, எவ்வளவுக்குப் போனது என்று கதை சொல்வதில்லை. விமர்சனம் எழுதும் நாமும் கேட்பதில்லை. நமக்கும் "சும்மா ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்க" என்று அழைப்பு வருகிறதே, அதுவும் இதே சும்மாதான்.

மீஸை வாசியுங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்த ஒரு மலேசியத் தமிழ்ச் சிறுகதையை எடுத்து, அதில் வரும் பெண் பேசும்போது அவள் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று மட்டும் குறித்துப் பாருங்கள். நான் அடுத்த பையின் விலைச்சீட்டில் எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதப் போகிறேன்.