சுமையாளர் இல்லாத மலை

வேடிக்கைப் பூங்காவின் விளையாட்டு இயந்திரம் ஒன்றைக் கலை விமர்சனத்துக்கு உட்படுத்தலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கதை சொல்லி, காட்சி அமைத்து, பெருந்தொகையான மக்களின் உணர்வைத் தொடும் எதுவும் விமர்சனத்துக்கு உரியதே.

அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்து டிஸ்னி பூங்காக்களுள் ஒன்றில், 2006இல் திறக்கப்பட்ட 'எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்' என்னும் றோலர் கோஸ்டர் அத்தகையதொரு படைப்பாகும். ஏறத்தாழ 200 அடி உயரமான செயற்கைப் பனிமலை. அதனூடே ஏறும் புகையிரதம். தண்டவாளம் பிய்த்தெறியப்பட்டிருக்கும் இடத்தில் அது தடைப்பட்டு, இருளுக்குள் பின்னோக்கிப் பாய்கின்றது. மலையைக் காக்கும் பனிமனிதனான யெட்டியின் சீற்றமே இதற்குக் காரணம் என்பது கதை.

அமைப்பாளரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது. கோயில், கடை, மரச்செதுக்கல் யாவும் இமயப் பகுதியை அச்சொட்டாக ஒத்திருக்கின்றன. ஆனால், புறத்தோற்றத்தை அப்படியே பெயர்த்தெடுப்பது இயற்பண்புவாதம். அத்தோற்றத்தின் பின்னாலுள்ள மனித உறவுகளைப் புலப்படுத்துவதே யதார்த்தவாதம். இப்படைப்பு முதலாவதுடன் நின்றுவிடுகின்றது.

கதையின்படி, இப்புகையிரதம் முன்னொரு காலத்தில் தேயிலைக் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தமாயிருந்தது. கம்பெனிக்குப் பெயர் உண்டு. கொழுந்து பறித்த கைகளுக்குக் கதையில் இடமில்லை. நமது மலையகத்தின் லயன்களை அறிந்தோருக்கு இவ்வெற்றிடம் எளிதிற் புலப்படும்.

மலையின் ஆபத்தையும் இக்கதை ஒரு மிருகத்தின் மீது சுமத்திவிடுகின்றது. உண்மையான எவரெஸ்டின் வரலாறு வேறு. 1922இல், பிரித்தானியக் குழுவின் ஏற்ற முயற்சியின்போது பனிச்சரிவில் மாண்ட எழுவரும் சுமையாளர்களே. 2014 ஏப்ரல் 18ஆந் திகதி, கும்பு பனியருவியில் 16 நேபாளத் தொழிலாளர் மாண்டனர். மரணமடைந்தோரின் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் அரசு முதலில் அறிவித்த உதவி 40,000 நேபாள ரூபா. ஷெர்ப்பாக்கள் கொதித்தெழுந்தனர், அப்பருவத்தில் பெரும்பாலான குழுக்கள் மலையேறாமலே திரும்பின.

பனிச்சரிவு இயற்கையின் செயல். ஆனால், அதன் பாதையில் பிறருக்காகக் கயிறும் ஏணியும் சுமந்து மீண்டும் மீண்டும் நடக்கவேண்டியவர் யார் என்பதைத் தீர்மானிப்பது இயற்கையன்று, பொருளாதாரமே.

களிப்பை நாம் வெறுக்கவில்லை. உழைப்போருக்கும் அவர்தம் குழந்தைகளுக்கும் அது உரிமையானது. அப்பூங்காவில், வரிசையில் நிற்போர் பார்ப்பதற்கென யெட்டி அருங்காட்சியகம் ஒன்றும் அமைக்கப்பட்டுள்ளது. இல்லாத மிருகத்துக்கு அருங்காட்சியகம் அமைக்க முடிந்தவர்களுக்கு, இருந்து உழைத்து மடிந்த மனிதரைக் கதையின் நடுவே நிறுத்துவது இயலாத காரியமன்று. இனி மலைகளைக் கட்டுவோரிடம் நாம் கேட்கவேண்டியது இதுவே.