மைதானத்துக்குப் போகும் முதலுதவிப் பெட்டி: யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும்

ஜனவரி பிறந்தால் யாழ்ப்பாணப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளின் காலம். ஓடுபாதை ஓரத்தில் ஒரு முதலுதவிக் கூடாரம் எழும். சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் அல்லது செஞ்சிலுவைச் சீருடையில் மாணவர்கள் நிற்பார்கள். அவர்கள் பெட்டியில் முக்கோணக் கட்டுத்துணி, எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டும் பட்டை, காஸ், பஞ்சு எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருக்கும். பக்கத்தில் ஸ்ட்ரெச்சரும் உண்டு.

தமிழ்நாட்டில் முதலுதவி பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியரான பி.இ.டி. சாரின் தோள்பையில்தான் பயணம் போகும். குறுவட்டப் போட்டிக்குக் கபடிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிச் செல்லும்போது விசிலோடும் ஸ்டாப் வாட்சோடும் வலிநிவாரண ஸ்பிரே, கிரேப் பேண்டேஜ், பீட்டாடைன், கொஞ்சம் பஞ்சு. சரக்கு குறைவு, ஆனால் தினசரிப் பயிற்சிக்கும் அதே பை வந்துவிடும். யாழ்ப்பாணத்துப் பெட்டியோ விழா முடிந்ததும் அலுவலக அலுமாரிக்குள் போய்விடுவதுண்டு. காயம் விழா நாள் பார்த்து வருவதில்லை.

ஆட்டத்துக்கு ஆட்டம் காயமும் மாறும். மண் தரையில் கபடி ஆடினால் முழங்காலும் முழங்கையும் சிராய்க்கும். வலைப்பந்தாட்டத்தில் விரல் மடங்கும், கணுக்கால் பிசகும். மரதன் ஓடுகிறவர்களை வெயிலும் தசைப்பிடிப்பும் வாட்டும். பெட்டியை நிரப்பும் முன் அணி எதை ஆடுகிறது என்று பார்க்க வேண்டும்.

சிராய்ப்பை எடுத்துக்கொள்வோம். மண் ஒட்டிய முழங்காலில் நேராக மருந்தைப் பூசும் வழக்கம் இரு கரையிலும் உண்டு. முதலில் வேண்டியது சுத்தமான தண்ணீர். மண் போகும்வரை கழுவிவிட்டுத்தான் மருந்து, காஸ், பிளாஸ்டர். கணுக்கால் பிசகினாலும் இதே அவசரம். அங்கே சித்தாலேப தைலம், இங்கே ஸ்பிரே. இரண்டுக்கும் கூடவே ஒரு தேய்ப்பு. புதுச் சுளுக்கைத் தேய்க்கக் கூடாது. ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்து, விரலடியிலிருந்து மேல்நோக்கிக் கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலை உயர்த்தி வைக்க வேண்டும். ஐஸைப் பெட்டியில் வைத்திருக்க முடியாது. பக்கத்துக் கூல்பாரிலோ பெட்டிக்கடையிலோ முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

வெயிலுக்கு அங்கே ஜீவனி, இங்கே ஓ.ஆர்.எஸ்.; இரண்டும் ஒரே வகை உப்பு-சர்க்கரைக் கரைசல்தான். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொடியையும் கரைக்க வேண்டும். உப்பில்லாத வெறும் குளுக்கோஸ் அதற்கு ஈடாகாது. ஆனால் பிள்ளை மயங்கியிருந்தாலோ குழம்பிப் பேசினாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறியபடியே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

அந்த அழைப்பில் இரு நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. தமிழ்நாட்டில் 2008இல் 108 ஆம்புலன்ஸ் சேவை வந்தது. 1990 என்ற எண்ணில் அழைக்கும் இலங்கையின் சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை 2016இல் இந்திய உதவியோடு தொடங்கி, பின்னர் வடக்குக்கும் விரிந்தது. வண்டி வரும்வரை சமாளிப்பதுதான் பெட்டியின் வேலை. அதனால் மூடியின் உட்புறத்தில் அந்த எண்ணும் பெற்றோரின் எண்களும் இருக்கட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர், கையுறை, கத்தரிக்கோல் மூன்றும் தவறக் கூடாது. ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். தலையில் அடிபட்டவர் எவ்வளவு கெஞ்சினாலும் அன்று மறுபடி ஆட விடக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் பயிற்சி பெற்ற கைகள் உண்டு. பெட்டிதான் விழாவோடு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் பை எப்போதும் கூடவே இருக்கிறது. ஆனால் ஆட்டத்தையும் பார்த்து, காயத்தையும் பார்க்க ஒரே ஆசிரியர். அங்கே செய்ய வேண்டியது, பெட்டியை மாலைப் பயிற்சிக்கும் எடுத்து வருவது. இங்கே ஜே.ஆர்.சி. (இளஞ்செஞ்சிலுவை) மாணவர்களை ஊர்வலத்துக்கு மட்டும் அழைக்காமல், கட்டுப்போடப் பழக்கி அணிக்கு இருவராக அனுப்புவது. இரண்டுக்கும் புதிதாக நிதி கேட்டு மனுப்போட வேண்டியதில்லை.