மழை ஆண்டுகளும் மூன்று மரபுகளும்

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் மே, ஜூன் மாதங்களில் மழை விடாமல் பெய்தால் திராட்சைக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும். இலையின் மேல் எண்ணெய்ப் புள்ளிகள், அடியில் வெள்ளைப் பூசணம். அடிச்சாம்பல் நோய்தான். 1878 வாக்கில் அமெரிக்கக் கொடிகளோடு வந்து சேர்ந்த இதற்கு, 1885இல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை அறிவித்தவர் தாவரவியலாளர் மில்லார்தே. நம் விவசாயிகள் அடிக்கும் போர்டோ கலவைக்குப் பிறந்த வீடு அதுதான்.

இன்று அங்கே திராட்சை வளர்ப்பில் மூன்று மரபுகள். வழக்கமான முறையில், செடிக்குள் ஊடுருவி நிற்கும் ரசாயன மருந்துகளுக்குத் தடையில்லை. இயற்கை முறைக்குச் சான்று வேண்டுமானால் மூன்றாண்டு மாற்றுக்காலம். அதன்பின் செம்பும் கந்தகமும்தான் துணை. செம்பை மழை கழுவிவிடும், மறுபடி தெளிக்க வேண்டும். அதற்கும் ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு கட்டியிருக்கிறது: ஏழாண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ.

மூன்றாவது பயோடைனமிக். 1924இல் ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய உரைகளே இதன் வேர். பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்து வைப்பார்கள். பிறகு எடுத்து, கைப்பிடியளவைத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் இப்படியும் அப்படியுமாகச் சுழற்றிக் கலக்கி நிலத்தில் தெளிப்பார்கள். டெமீட்டர், பயோடிவான் என்று இரு சான்றுகள். கொம்பின் மகிமைக்கு அறிவியல் ஆதாரம் போதாது. ஆனால் இந்த வழிக்காரர்கள் கொடியைக் கூர்ந்து பார்ப்பவர்கள் என்பதை மறுக்க முடியாது.

போர்தோவின் போயாக்கில் உள்ள ஷாத்தோ பொந்தே-கனே என்ற ஒயின் மாளிகை 2004இல் இந்த வழியில் இறங்கியது. டிராக்டர் மண்ணை இறுக்குகிறது என்று குதிரைகளை ஏரில் பூட்டினார்கள். 2007இல் நோய் மிரட்டியபோது உரிமையாளர் ஆல்ஃபிரட் தெஸ்ரோன் ரசாயனத்தைத் தெளித்துவிட்டார். அதனால் சான்று கைக்கு வர 2010 ஆயிற்று. 2018இல் மீண்டும் அதே நோய். இம்முறை அவர் இறங்கிவரவில்லை. விளைச்சலில் பெரும்பகுதி போயிற்று.

மார்கோவின் ஷாத்தோ பால்மேருக்கும் அந்த ஆண்டு அதே கதி. ஹெக்டேருக்கு 11 ஹெக்டோலிட்டர்தான் தேறியது. ஆல்டர் ஈகோ என்ற தன் இன்னொரு ஒயினை அது தயாரிக்கவே இல்லை. பெயர்பெற்ற மாளிகைகள் இந்த அடியைப் புட்டியின் விலையில் ஓரளவு ஈடுகட்டலாம். மொத்த வியாபாரிக்குப் பீப்பாய்க் கணக்கில் விற்கும் பக்கத்துச் சிறு விவசாயிக்கு அந்த வசதி கிடையாது. அவர் ரசாயன மருந்தை விடத் தயங்குவதற்குக் கொள்கை காரணமல்ல, கடன்தான்.