பரணிலிருந்து இறங்கிய அரசு லேப்டாப்: பகுதிநேரப் படிப்புக்குத் தாங்குமா?

வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்தவர்கள் முதலில் செய்யும் காரியம், தவணையில் புது லேப்டாப் வாங்குவது. கட்டணம் ஒருபக்கம், தவணை ஒருபக்கம் என்று இரண்டு மாதத்திலேயே கழுத்தைப் பிடிக்கும். வாங்கும் முன் வீட்டுப் பரணை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அப்படி வந்த லேப்டாப்கள் தாம்பரம், செம்பாக்கம், பெருங்களத்தூர் வீடுகளில் பழைய பாடப்புத்தகங்களோடு இன்னும் தூங்கிக்கொண்டிருக்கின்றன.

நான் கையில் எடுத்தது 2019இல் கொடுக்கப்பட்ட ஒன்று. 14 அங்குலத் திரை, ஏஎம்டி இரட்டைக்கரு சிப், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சொந்தக்காரி என் சித்தி மகள். வீடு கூடுவாஞ்சேரி, வேலை சானடோரியத்தில் மெப்ஸ் வளாகத்துக்குள். சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழிப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். வாராவாரம் வீடியோ பாடம், வாராவாரம் ஒப்படைப்பு, கெடு தவறினால் மதிப்பெண் போச்சு. வினாத்தேர்வுக்கும் இறுதித்தேர்வுக்கும் மட்டும் மையத்துக்குப் போக வேண்டும். "அண்ணா, இது ஆன் ஆகறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடுது" என்றுதான் கொண்டுவந்து கொடுத்தாள். உண்மைதான். விண்டோஸ் 10 முழுதாக எழுந்து பிரவுசர் திறப்பதற்குள் பால் காய்ச்சி டீ போட்டு ஆற்றிக் குடித்துவிடலாம்.

சிப் கிழடாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய குற்றவாளி ஹார்ட் டிஸ்க். உள்ளே ஒரு தட்டு சுழல்கிறது, ஒரு முள் அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. இயங்குதளம் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் முள் நகர வேண்டும். அப்டேட்டும் வைரஸ் சோதனையும் பின்னணியில் ஓடினால் முள்ளுக்கு மூச்சுவிட நேரமில்லை. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு கிடையாது, முள்ளும் கிடையாது. இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 500 எம்பி அளவுக்குப் படிக்கும், பழைய டிஸ்க் 100 எம்பியைத் தாண்டினால் பெரிது. சிறு கோப்புகளில் இந்த வித்தியாசம் இன்னும் பல மடங்கு.

எஸ்எஸ்டி ஆன்லைனிலும் வாங்கலாம். ஆனால் ரேம், பேட்டரி மாதிரிச் சாமான்களுக்கு ரிச்சி தெருதான் சரி. எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் சிந்தாதிரிப்பேட்டை பக்கம் கொண்டுவிடுவார்கள். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை போங்கள். லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போவது முக்கியம். இலவச லேப்டாப் திட்டத்தில் வருடத்துக்கு வருடம் மாடல் மாறியது. பழையதில் டிடிஆர்3 ரேம், பிந்தையதில் டிடிஆர்4. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் நுழையாது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை வேறு ஏறிக்கிடக்கிறது. உலகம் முழுக்க ஏஐ தரவு மையங்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதன் வினை இது. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ரேமும் அங்கே கிடைக்கும். கடையிலேயே போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

மாற்றுவது பெரிய வித்தையில்லை. பின்மூடித் திருகுகளைக் கழற்றி, பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் விட்டு நெம்பினால் கிளிப்புகள் 'டக் டக்'கென்று விடும். அந்தச் சத்தம் முதல்முறை கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கும், உடைந்துவிடவில்லை. முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். பிறகு டிஸ்க்கைப் பக்கவாட்டில் இழுத்து, அதே சட்டத்தில் எஸ்எஸ்டியைப் பொருத்த வேண்டியதுதான். உள்ளே விசிறியில் ஏழு வருடத் தூசி கம்பளி மாதிரி அப்பியிருந்தது. அதைப் பிரஷ்ஷால் எடுத்ததிலேயே சூடு பாதி குறைந்த மாதிரி இருந்தது.

அடுத்தது இயங்குதளம். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், சிப்பும் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இருக்க வேண்டும். இந்தப் பழைய ஏஎம்டி அதில் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம், ஏற்றி அவதிப்படவும் செய்யலாம். நான் போட்டது லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. லினக்ஸ் இந்தப் பெட்டிகளுக்குப் புதுசும் இல்லை. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்தே பலவற்றில் வந்தது. ஆன் செய்யும்போது மெனுவில் வரும் அந்த வரியை ஒரு தலைமுறையே கீழே தள்ளிவிட்டுப் போயிற்று!

மின்ட் ஏற்றிய பிறகு, பொத்தானை அழுத்தி அரை நிமிடத்துக்குள் முகப்பு வந்துவிடுகிறது. ஒன்றும் திறக்காமல் இருக்கும்போது ரேமில் சுமார் ஒரு ஜிபி போகிறது. வைஃபை, ஒலி, வெப்கேமரா எல்லாம் தானாகவே வேலை செய்தன. ஃபயர்ஃபாக்ஸில் பாட வீடியோ, பக்கத்தில் பைத்தான் எடிட்டர், ஒரு பிடிஎஃப் என்று திறந்து வைத்தால் 4 ஜிபியிலும் ஓடுகிறது. அதோடு இரண்டு மூன்று டேபைச் சேர்த்தால் திணறுகிறது. ரேமை 8 ஜிபி ஆக்கியதும் அந்தத் தொல்லை போய்விட்டது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதலில் எஸ்எஸ்டி, ரேம் அடுத்த மாதச் சம்பளத்தில்.

வீடியோவில் ஒரு சூட்சுமம் உண்டு. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9 வடிவத்தில் படத்தை அனுப்புகிறது. இந்தப் பழைய சிப்பின் வீடியோ பகுதிக்கு அது புரியாது. மொத்தச் சுமையும் இரண்டு கருக்கள் தலையில் விழுந்து விசிறி அலறும். எச்264ஐஃபை என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டால் பழைய எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும். விசிறி அடங்கியது, பாடமும் தடங்கலில்லாமல் ஓடியது. இந்த மறுசீரமைப்பில் செலவில்லாமல் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

தமிழில் குறிப்பெடுப்பவர்கள் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளோடு எம்17என் தொகுப்பையும் நிறுவிக்கொண்டு தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டுத் தட்டினால் 'அம்மா' வந்துவிடும், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். பிழை பார்க்க நீச்சல்காரன் உருவாக்கிய வாணி பிழைதிருத்தி பிரவுசரிலேயே இயங்கும். டிஎன்பிஎஸ்சிக்கும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பயிற்சி மையக் குறிப்புகள் பல இன்னும் பாமினி, வானவில் எழுத்துருக்களில்தான் சுற்றுகின்றன. லிப்ரே ஆபீஸில் திறந்தால் கொசகொசவென்று ஆங்கில எழுத்தாக வரும். யூனிகோடுக்கு மாற்றித்தான் படிக்க வேண்டும். லினக்ஸே புதிது என்பவர்கள் 2012 முதல் வந்துகொண்டிருக்கும் கணியம் இதழையும் அவர்களுடைய 'எளிய தமிழில்' நூல்களையும் இறக்கிக்கொள்ளலாம், எல்லாம் இலவசம்.

ரயிலில் லேப்டாப்பைத் திறக்கும் ஆசை வேண்டாம். தாம்பரத்துக்குத் தெற்கே வண்டிகள் குறைவு, காலையில் கூடுவாஞ்சேரியில் உட்கார இடம் கிடைத்தாலே யோகம். அந்த நேரத்துக்குப் போன்தான். பாட வீடியோவை முந்தின இரவே வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குறிப்புகள் போனிலும் லேப்டாப்பிலும் ஒன்றாக இருக்க சின்க்திங் என்ற மென்பொருளைப் போட்டேன். கிளவுட் கணக்கு, மாதக் கட்டணம் எதுவும் கிடையாது. அதன் அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. எஃப்-டிராய்டில் இருக்கும் ஃபோர்க் பதிப்பை எடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு அதைப் பின்னணியில் அணைத்துவிடும் என்பதால் பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு கொடுங்கள்.

பேட்டரிதான் பலவீனம். இந்த வயதில் எதுவும் அரை மணி தாங்கினால் அதிகம். மாற்று பேட்டரி கிடைக்கும், ஆனால் பெயர் தெரியாத மலிவுச் சரக்கை வாங்கி அது உப்பிக்கொண்டால் டச்பேடையே தூக்கிவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பேட்டரியைப் பற்றிக் கவலைப்படாமல் ரௌட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்குங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்கு எந்த யூபிஎஸ்ஸும் தாங்காது. அன்றாட அரை மணி, ஒரு மணி வெட்டுக்குத் தாங்கும். ஒப்படைப்பு நள்ளிரவுக் கெடுவில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அப்படித்தான்.

லினக்ஸ் கைவிடும் இடம் ஒன்று உண்டு. சில கல்லூரிகளும் சான்றிதழ்த் தேர்வுகளும் கேட்கும் சேஃப் எக்ஸாம் பிரவுசருக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது, விண்டோஸும் ஆப்பிளும்தான். சேரும் முன்பே தேர்வு எந்த மென்பொருளில் நடக்கும் என்று கேட்டுவிடுங்கள். விண்டோஸ் கட்டாயம் என்றால் எஸ்எஸ்டியில் அதற்கு ஒரு பகுதி ஒதுக்கி இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். தேர்வுக்கு மட்டும் அதில் நுழைந்து வெளியே வந்துவிடுவது நல்லது.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை எடைக்குப் போட வேண்டாம். ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டால் பேக்கப் டிஸ்க் ஆகிவிடும். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட் ஸ்கேன் எங்கே என்று தேடினால் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்.

பைத்தான், தரவுத்தளம், இணைய நிரலாக்கம், கணக்கு, வணிகவியல், டிஎன்பிஎஸ்சி: இவற்றுக்கு இந்தப் பழைய பெட்டி போதும். மெஷின் லேர்னிங் பயிற்சிகளை கூகுள் கோலாபில் ஓட்டிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவோ வீடியோ எடிட்டிங்கோ உங்கள் பாடத்தில் இருந்தால் இதில் காசு போடாதீர்கள், புதியதே வாங்குங்கள்.