வாங்க, மாஸ்டடானில் பேசலாம்!

பார்க்கிறவர்களிடமெல்லாம் மாஸ்டடான் புராணம் பாடுகிறேன் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். பாடினால் என்ன தப்பு? இணையத்தில் ஒரு விஷயத்தை நிதானமாகப் பேச இப்படி ஓர் இடம் வாய்த்த பிறகு, வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியாது!

2016இல் ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ தொடங்கிய கட்டற்ற சமூக ஊடக மென்பொருள் இது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தம் சர்வரில் நிறுவலாம். அப்படி ஆயிரக்கணக்கான சர்வர்கள் இருக்கின்றன. மொத்தத்துக்கும் முதலாளி என்று ஒருவர் இல்லை. சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை 2018இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. ஏர்டெல்காரர் ஜியோகாரரோடு பேசுவதுபோல ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வர்காரரோடு தாராளமாகப் பேசலாம். இருக்கும் சர்வர் பிடிக்கவில்லையா? பின்தொடர்பவர்களை அழைத்துக்கொண்டு வேறு சர்வருக்குக் குடிபோகலாம். பழைய பதிவுகள் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிடும்.

நம் நாட்டில் பலருக்கு இந்தப் பெயர் அறிமுகமானது 2019 நவம்பரில். மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது கோபத்தில் ஒரு கூட்டமே இங்கே வந்தது. கோபம் தணிந்ததும் பலர் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்கள் எதை இழந்தார்கள் என்று சொல்லட்டுமா?

முதலில் டைம்லைன். நான் பின்தொடர்பவர்கள் எழுதியது எழுதிய வரிசையில் வரும். அவ்வளவுதான்! சண்டையைத் தேடிப்பிடித்து மேலே தூக்கிவைக்கும் அல்காரிதம் கிடையாது, விளம்பரம் கிடையாது. எனக்கு, பொதுமக்களே கூடி வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின்மேல் பைத்தியம் உண்டு. அந்த ஹேஷ்டேக்கையே பின்தொடர்கிறேன். முகம் தெரியாத வரைபடக்காரர்கள் எழுதுவதும் வீடு தேடி வருகிறது. வரைபடக்காரர்களுக்கு ஓஎஸ்எம் டவுன், வானியல்காரர்களுக்கு ஆஸ்ட்ரோடான், கட்டற்ற மென்பொருள்காரர்களுக்கு ஃபாஸ்டோடான் எனத் தனித்தனி சர்வர்களே இருக்கின்றன.

ஒருமுறை அந்த வரைபடக்காரர்களிடம் நம்மூர் ஏரிகளைப் பற்றிக் கேட்டேன். ஐப்பசியில் தளும்பும் ஏரி சித்திரையில் மாடு மேயும் தரையாகிவிடுகிறதே, இதை நீர்நிலை என்று வரைவதா, நிலம் என்று வரைவதா? ஸ்பெயினிலிருந்து ஒருவர் தம் ஊர்க் குளத்துக்கும் அதே கதைதான் என்றார். சில மாதங்களுக்கு மட்டும் நீர் நிற்கும் என்று குறிக்கத் தனிக் குறிச்சொல் இருப்பதை ஆஸ்திரேலியக்காரர் ஒருவர் காட்டினார். மடையும் கரையும் கட்டி மனிதர் ஆக்கிய ஏரியை இயற்கை நீர்நிலையோடு சேர்க்கலாமா என்று அடுத்த விவாதம் கிளம்பியது. நாள்கணக்கில் நடந்த அந்தப் பேச்சில் ஒரு வசைச்சொல் இல்லை! அன்று கற்றதை வைத்துத்தான் இன்றும் ஏரிகளை வரைகிறேன்.

இந்தப் பண்பு தானாக வந்துவிடவில்லை. விவாதத்துக்கு ஏற்றபடி தளத்தையே செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பதிவுக்குப் பொதுவாக 500 எழுத்து இடமிருப்பதால் காரணம் சொல்லி மறுக்கலாம். பதிவைத் திருத்தினால் பழைய வடிவமும் வரலாறாக நிற்கும். பேச்சை மாற்றிவிட்டு நழுவ முடியாது. பிறர் பதிவை மேற்கோள் காட்டும் வசதியை, நையாண்டிக்கு ஆயுதமாகிவிடும் என்று அஞ்சிப் பல ஆண்டுகள் தராமலே இருந்தார்கள். 2025இல் தந்தபோதும், என் பதிவை யார் மேற்கோள் காட்டலாம் என்பதை நானே முடிவுசெய்யும்படி தந்தார்கள். அடடா, இதல்லவா அக்கறை!

குறையே இல்லையா? உண்டு. வேறு சர்வர்களில் எழுதப்படும் மறுமொழிகள் சில சமயம் நம் கண்ணுக்கு வந்து சேராது. அதனால் சொன்னதையே நாலு பேர் சொல்வார்கள். புதிய பதிப்புகளில் விடுபட்ட மறுமொழிகளைத் தேடி எடுத்துவரும் வசதியைச் சேர்த்திருக்கிறார்கள். தேடலிலும் சம்மதம் தந்தவர்களின் பதிவுகளே கிடைக்கும். அதனால் ஹேஷ்டேக் போடாமல் எழுதினால் புதியவர் கண்ணில் படுவது கடினம்.

இந்தக் குறைகளைச் சரிசெய்ய நாமும் கைகொடுக்க முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய குஷி. இடைமுகத்தைத் தமிழாக்கும் வேலை கிரவுடின் தளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நானும் சில வரிகளைத் தமிழாக்கிக் கொடுத்தேன். அந்தப் பெருமை இன்னும் இறங்கவில்லை! நிரல் தெரிந்தவர்கள் நிரலையே திருத்தி அனுப்பலாம். எதுவும் தெரியாதவர்கள்கூடப் படத்துக்கு விளக்கம் எழுதலாம். பார்வையற்ற நண்பரும் விவாதத்தில் சேர்ந்துகொள்வார். வம்பிழுப்பவரைக் கண்டால் பதில் சண்டை போடாமல் நிர்வாகிக்குப் புகார் அனுப்பலாம். பல சர்வர்கள் தன்னார்வலர்கள் நடத்துபவை. முடிந்த நன்கொடையைக் கொடுக்கலாம்.

இங்கே தமிழில் பேசுகிறவர்கள் குறைவு. அது ஒன்றுதான் என் ஏக்கம். இன்றே ஒரு கணக்கைத் தொடங்குங்கள். உங்களுக்குப் பிடித்த விஷயத்தைத் தமிழில் எழுதுங்கள், ஹேஷ்டேக்கை மறக்காதீர்கள். முதல் மறுமொழி என்னுடையதாகவே இருக்கலாம்!