அமைதியின்மையா, குறையா?

ஆலை வாயிலில் தொழிலாளர் கூடி நிற்கின்றனர். கூலி போதவில்லை என்கிறார் ஒருவர். நாளை இவ்வேலை நிலைக்குமா என்று கேட்கிறார் மற்றொருவர். மறுநாள் ஏடு எழுதுகிறது, 'தொழிலாளரிடையே அமைதியின்மை' என்று! ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரத்தார்க்கு இத்தலைப்பு புதிதன்று. நாமும் படித்தோம், கூலி எங்கே, வேலை எங்கே என்று அதனுள் தேடினோம். காணோம்!

அச்சொல் தமிழுடை அணிந்த ஆங்கிலம். 'அன்ரெஸ்ட்' என்பதன் நேர்பெயர்ப்பு. மனக்குறைக்கு ஆங்கிலத்திலே சொற்கள் பல உண்டு. 'டிஸ்கன்டென்ட்' என்றால் உள்ளம் நிறையாமை. 'கிரீவன்ஸ்' என்பதோ, பளு என்று பொருள்தரும் இலத்தீன் வேரிலே பிறந்தது. முன்னதில் ஓர் உள்ளம் இருக்கிறது. பின்னதில் சுமையும், அதை ஏற்றியவனும் இருக்கின்றனர். 'அன்ரெஸ்ட்'டில் இரண்டும் இல்லை. கடல் கொந்தளிப்பது போல ஏதோ தானே நிகழ்கிறதாம்! யாருக்கு எது இல்லை என்று அச்சொல் சொல்லாது. யாருடைய உறக்கம் கெட்டது என்பதை மட்டும் சொல்லும்.

ஆள்வோர்க்கு அது இனித்ததில் வியப்பென்ன? இலண்டன் 'டைம்ஸ்' ஏட்டின் வாலண்டைன் சிரோல், 1910இல் வெளியிட்ட தம் நூலுக்கு 'இந்திய அமைதியின்மை' என்றே பெயரிட்டார். அதற்குத் தந்தை திலகர் என்றும் கூறினார். திலகரோடு நமக்குக் கருத்து மாறுபாடு உண்டு; அது வேறு. அமைதியின்மைக்கு ஒரு தந்தை அகப்பட்டுவிட்டால், அடிமைத்தனத்துக்குத் தந்தை யாரென்று கேட்கத் தேவையில்லை அல்லவா?

தமிழில் 'குறை' என்றொரு சொல் இருக்கிறதே! ஒருவனிடம் இல்லாததும் குறை, மற்றவன் இழைத்த தவறும் குறை, தீர்க்கும்படி வேண்டுவதும் குறை. 'முறையிடுதல்' என்னும்போது, நீதியைக் குறிக்கும் 'முறை' அச்சொல்லுக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. குறையைத் தீர்க்கலாம். அமைதியின்மையை அடக்கத்தான் முடியும்! சொல் மாறியதும் மருந்தும் மாறிவிடுகிறது.

ஆவடியில் 2021இல் அதைக் கண்டோம். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலை, 1965இல் விஜயந்தா டாங்கியை உருவாக்கி அனுப்பிய இடம். அது உள்ளிட்ட 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாக்க டில்லி அரசு சூன் 16இல் முடிவு செய்தது. அரசு ஊழியராகச் சேர்ந்தோமே, இனி நாங்கள் யாருடைய ஊழியர் என்றனர் தொழிலாளர். சங்கங்களின் கூட்டமைப்புகள் வேலைநிறுத்தம் அறிவித்தன. சூன் 30இல் வந்தது அவசரச் சட்டம். பின்னர் நாடாளுமன்றமும் அதைச் சட்டமாக்கிற்று. மெதுவாக வேலை செய்தாலும் வேலைநிறுத்தம், கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் வேலைநிறுத்தம்! தடையை மீறிப் பங்குகொண்டால் ஓராண்டு வரை சிறை; தூண்டினால் ஈராண்டு வரை.

படைக்கலம் செய்யுமிடத்தில் பணி தடைப்படலாகாது என்ற வாதத்தை நாம் எள்ளவில்லை; அதற்கு எடை உண்டு. ஆனால், வேலைநிறுத்தம் என்பதற்கு அச்சட்டம் தந்த விளக்கத்தைப் பாருங்கள். வேலை நிற்கும் வகைகள் வரிசை வரிசையாக எண்ணப்பட்டுள்ளன. அது ஏன் நிற்கிறது என்பதற்கு அங்கே இடமில்லை. 'அன்ரெஸ்ட்' என்று எழுத வேண்டிய தேவைகூட ஏற்படவில்லை. அச்சொல்லின் பார்வையே போதுமாயிருந்தது. ஓராண்டுக்கென இயற்றிய சட்டம் காலம் முடிந்து போயிற்று. ஏழு நிறுவனங்களும் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் இயங்கலாயின. கவச வாகன நிறுவனத்துக்குத் தலைமையகம் ஆவடியே. ஊழியர் அயற்பணி என்ற பெயரில் அங்கு மாற்றப்பட்டனர்.

உழைப்போர் பக்கம் நின்று எழுதுவோரும் இச்சொல்லை ஆராயாமல் எடுத்தாள்வதுதான் நமக்கு வருத்தம். எதிரியின் படைக்கலத்தை, அதன் கூர்முனை தம் பக்கம் இருப்பதறியாமல் ஏந்துகின்றனர்!

திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில், ஆவடியாரும் பூவிருந்தவல்லியாரும் மனுவோடு வந்து நிற்கும் திங்கட்கிழமைக்கு 'மக்கள் குறைதீர்க்கும் நாள்' என்று பெயர். அங்கே சர்க்காருக்கு நல்ல தமிழ் தெரிகிறது. அதே மனிதர் மறுநாள் ஆலை வாயிலில் நின்று அதே குறையைச் சொன்னால் மட்டும் அந்தத் தமிழ் மறந்துபோகிறது!